ஒண்ணேகாலுக்கு ஏறிய திருவாதிரை

என் அக்காள் புருஷன் பச்சையப்பனிடம் மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள். மணியைச் சொல்வார். அதோடு விட மாட்டார். தன் கடிகாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, அதை எப்படிக் கண்டுபிடித்தார், நீங்கள் கட்டியிருப்பது ஏன் நம்பத் தகுந்ததல்ல என்பதையெல்லாம் சொல்லித்தான் விடுவார். அதற்குள் நீங்கள் பிடிக்க வேண்டிய பஸ் கவரைப்பேட்டையைத் தாண்டியிருக்கும்.

எளாவூர் செக்போஸ்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தனியார் எடைமேடை இருக்கிறது. கல்கத்தா ரோட்டில் போகிற லாரிகள் அதன்மேல் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து நம்பரைப் பார்த்துச் சீட்டு கொடுக்கும் வேலை மாமாவுக்கு. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் என் டயர் கடை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பஞ்சர் ஒட்ட வேண்டும் என்பது என் தலையெழுத்து. சீட்டைக் கையில் வாங்கிய டிரைவரையும் அவர் சும்மா விடுவதில்லை. தார்ப்பாய் நனைந்திருக்கிறது, அதுவும் எடையில் சேர்ந்திருக்கிறது, டேங்கில் டீசல் எவ்வளவு என்று ஆரம்பிப்பார். பஞ்சாபிலிருந்து வந்த ஆசாமிக்குக்கூடத் தமிழில் விளக்குவார். அவனும் தலையாட்டிக்கொண்டே கியரைப் போடுவான்.

இந்த மனிதர் வானத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் சாப்பாடு. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சூரிய கிரகணம் வந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து அறிவியல் பிரச்சாரம் செய்கிற சிலர் அட்டைக் கண்ணாடியோடு வந்து, எங்கள் ஆட்களுக்கெல்லாம் கிரகணத்தைக் காட்டினார்கள். அடுத்த மாதம் ஒரு முகாம் இருக்கிறது, மதியம் பிரியாணி என்றார்கள். மாமா பிரியாணிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் நட்சத்திர வரைபடம் ஒன்றும், வாயில் அடங்காத பேச்சும் இருந்தன.

அங்கே அவர் கற்றுக்கொண்டது நட்சத்திரத்தின் பிரகாசத்தைக் கண்ணால் அளக்கிற வித்தை. வித்தை என்று நான் சொல்லக் கூடாதாம், முறை என்று சொல்ல வேண்டுமாம். ஒரு நட்சத்திரத்தைத் தனியாகப் பார்த்து அது எவ்வளவு பிரகாசம் என்று எவனாலும் சொல்ல முடியாது. அளவு தெரிந்த வேறு இரண்டை எடுத்துக்கொள்ள வேண்டும், ஒன்று அதைவிடத் தூக்கல், இன்னொன்று அதைவிட மட்டு. நம் நட்சத்திரம் அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே உட்காருகிறது என்று பார்த்து நம்பர் போட வேண்டும். சிவப்பு நட்சத்திரமாக இருந்தால் முறைத்துப் பார்க்கக் கூடாது, முறைத்தால் இருப்பதைவிடத் தூக்கலாகத் தெரியும். பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பிக்கொள்ள வேண்டும்.

முறை நல்ல முறைதான். ஆனால் அதை அவர் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். அக்காள் சாம்பார் வைத்தால், பொன்னேரிக் கல்யாணத்து சாம்பாருக்கு மேலே, போன வாரத்து சாம்பாருக்குக் கீழே என்பார். அக்காள் கரண்டியைக் கீழே வைக்காமலேயே அவரைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு நம்பர் போட அவருக்குத் துணிச்சல் வந்ததில்லை.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு, கதையே அதில்தான் இருக்கிறது. நட்சத்திர நம்பர் பள்ளிக்கூட ரேங்க் மாதிரி. ஒன்றாம் நம்பர் இரண்டைவிடப் பிரகாசம், இரண்டு மூன்றைவிடப் பிரகாசம். நம்பர் ஏறினால் நட்சத்திரம் மங்குகிறது என்று அர்த்தம். எவனோ ஒருவன் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இப்படித் தலைகீழாக எழுதி வைத்துவிட்டான், அதை இன்னும் ஒருத்தரும் திருத்தவில்லை.

மாமா தினமும் பார்க்கிற நட்சத்திரம் திருவாதிரை. என் அக்காள் மகள் பூமிகா பிறந்தது திருவாதிரையில் என்பதால் அதை எடுத்துக்கொண்டார். மற்ற ஊர்க்காரர்களுக்கு வானத்து நட்சத்திரம் வேறு, ஜாதக நட்சத்திரம் வேறாக இருக்கலாம். நமக்கு இரண்டும் ஒன்றே. சாயந்திரம் கிழக்கே ஏறி வருகிற அந்தச் சிவப்புப் புள்ளிதான் என் மருமகளின் ஜாதகத்தில் எழுதியிருப்பதும். அது கூடிக் குறைகிற நட்சத்திரம் என்று தெரிந்தபோது மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பூமிகாவும் அப்படித்தான் என்றார். உலகம் முழுக்க இப்படி நட்சத்திரம் பார்க்கிற கூட்டம் ஒன்று இருக்கிறதாம். அதற்குப் போனில் நம்பர் அனுப்பிக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஐப்பசியில் பூமிகாவுக்கு இடம் அமைந்தது. பையன் மணிகண்டன், காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். சோழவரத்தில் சொந்த நிலம், ஏரிப் பாசனம், இரண்டு போகம் நெல். புனர்பூச நட்சத்திரம். ஜோசியர் அருணாச்சலம் பொருத்தம் பார்த்துப் பரவாயில்லை என்று சொல்லாமல் அமோகம் என்றார். பையனின் அம்மா பூவம்மாள்தான் அந்த வீட்டில் எல்லாம். வயலில் என்ன விதை போடுவது என்பதிலிருந்து புருஷன் கோபால் என்ன சட்டை போடுவது என்பதுவரை அவள் தீர்ப்பு. கோபால் பேசி நான் கேட்டதே இல்லை. நிச்சயத்தன்று ஊமையோ என்று அக்காள் என் காதில் கேட்டாள்.

மாசியில் முகூர்த்தம் என்று முடிவானது. நிச்சயமான நாளிலிருந்து பூமிகாவின் போன் சூடு ஆறவே இல்லை. சிப்காட் கம்பெனி வேனில் ஏறும்போது பேசுவாள், இறங்கும்போதும் பேசிக்கொண்டிருப்பாள். அந்தப் பையன் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டான். அவளைப் பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கார்த்திகை முடிகிற சமயம் பூவம்மாள் ஜாக்கெட் அளவு வாங்கிக்கொள்ள எங்கள் பக்கம் வந்தாள். காப்பி குடித்தாள், பூமிகாவின் கன்னத்தைத் தொட்டாள், ஆட்டோவுக்குக் காத்திருந்த நேரத்தில் மரியாதைக்காக ஒரு வார்த்தை கேட்டாள்.

“இன்னா சம்பந்தி, இன்னும் வானத்தையே பாத்துக்கினு கீறீங்களா?”

“பாத்துக்கினுதான் கீறேன் சம்பந்திம்மா. நம்ம பூமிகா நட்சத்திரம் ஒண்ணேகாலுக்கு ஏறிடுச்சு. உங்க புள்ள நட்சத்திரத்தையே தாண்டிடுச்சுன்னா பாத்துக்கங்களேன்.”

அந்த நேரம் பார்த்து ஆட்டோ வந்துவிட்டது. பூவம்மாள் ஏறிப் போய்விட்டாள். ஆயுசில் ஒரே ஒரு தடவை மாமாவுக்கு விளக்கம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை, அது இந்தத் தடவையாக அமைந்தது.

சோழவரம் போய்ச் சேர்வதற்குள் அந்த ஏறிடுச்சு பூவம்மாளின் மனசுக்குள் வீடு கட்டிவிட்டது. பெண் நட்சத்திரம் மாப்பிள்ளை நட்சத்திரத்தைத் தாண்டி ஏறுகிறதாமே என்று அருணாச்சலத்தைக் கூப்பிட்டுக் கேட்டாள். பொண்ணு கை ஓங்கும் என்று அவர் சொன்னார். அவருக்கும் வானத்தில் ஏறுவது இறங்குவது பற்றி ஒன்றும் தெரியாது, கேட்டால் ஏதாவது சொல்ல வேண்டியது அவர் தொழில். தன் வீட்டில் இன்னொருத்தி கை ஓங்குவதைப் பூவம்மாள் எப்படி ஏற்பாள்? அன்றைக்கே போன் வந்தது, மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று.

விஷயம் தெரிந்ததும் மாமா அடுத்த பஸ்ஸில் சோழவரம் ஓடினார். ஏறிடுச்சு என்றால் இறங்கிடுச்சு என்று அர்த்தம், நம்பர் கூடினால் வெளிச்சம் குறைகிறது, பள்ளிக்கூட ரேங்க் மாதிரி என்று அரை நாள் உட்கார்ந்து விளக்கினார். பூவம்மாள் சாமானியமானவள் இல்லை, சுத்தமாகப் புரிந்துகொண்டாள். புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. மங்கிக்கொண்டே போகிற நட்சத்திரத்துப் பெண்ணையா என் பிள்ளைக்குக் கட்டப் பார்த்தேன் என்றாள். கை ஓங்குகிற மருமகளையாவது சமாளித்திருக்கலாம். மாமா தன் வாயாலேயே அதைவிட மோசமான ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த மார்கழி எங்களைப் பழி வாங்கவே பிறந்தது. போதாததற்கு ஒரு சூரிய கிரகணம் வேறு. திருவாதிரை உண்மையிலேயே யாரும் பார்க்காத அளவுக்கு மங்கிக்கொண்டிருந்தது, உலகத்துப் பேப்பரெல்லாம் எழுதின. வெடித்தாலும் வெடிக்கும் என்று ஒருவன் சொல்ல, வாட்சப்பில் அது இந்த வாரமே வெடிக்கிறது என்று ஆனது. திருவாலங்காட்டுக்கு ஆருத்ரா தரிசனம் பார்க்கப் போன ஜனம் நடராஜரைப் பார்த்துவிட்டு வானத்தையும் பயந்து பயந்து பார்த்தது. பூவம்மாளின் சொந்தக்காரர்கள் வரிசையாக அவளுக்கு அந்தச் செய்தியை அனுப்பினார்கள். வெடிக்கப் போகிற மருமகள் என்று ஒருத்தி எழுதியும்விட்டாள்.

பொங்கல் முடிந்ததும் சொல்லி அனுப்பினார்கள், மாசி வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்று. அப்புறம் பார்க்கலாம் என்றால் என்ன என்று கல்யாண வயதில் பெண் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

பூமிகா அழவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். மாமா நட்சத்திரம் பார்க்கிற மொட்டை மாடியின் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“ஒரு நாளு, ஒரே ஒரு நாளு வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்ல நைனா” என்று மட்டும் கேட்டாள். மாமா பிறகு எடைமேடையில் லாரி இல்லாத நேரம் பார்த்து அதன்மேல் நின்று அண்ணாந்து பார்த்தார். அந்தக் கோலத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. எடை எவ்வளவு காட்டியது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

மணிகண்டன் வீட்டில் சண்டை போட்டிருக்கிறான். கடைசியில் பூவம்மாள் ஒரு வழி சொன்னாள். அளக்கிறவர் அவர், முதலில் மங்கிவிட்டது என்று சொன்னவரும் அவர். அவரே என் வீட்டுக்கு வந்து, சரியாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், கல்யாணத்தை நடத்துகிறேன் என்றாள்.

நான் மாமாவிடம் எடுத்துச் சொன்னேன். ஒரு பொய், அவ்வளவுதான். நட்சத்திரம் இறங்கி வந்து சட்டையைப் பிடித்துக் கேட்கப் போவதில்லை. உங்கள் பெண்ணைவிட அந்த நம்பர் பெரிதா என்று கத்தியே விட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்லிடறேன் மச்சான் என்றார்.

தை மாசத்து ஒரு சாயந்திரம் நாங்கள் சோழவரம் போனோம். பூமிகாவும் வந்தாள். வேனில் மாமாவின் உதடு அசைந்துகொண்டே வந்தது, சரியாயிடுச்சு சரியாயிடுச்சு என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். பூவம்மாள் எங்களை நேராக மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாள். அருணாச்சலத்தையும் வரவழைத்து வைத்திருந்தாள். மணிகண்டன் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூலையில் கோபால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல இருட்டு கட்டியிருந்தது, ஏரிப்பக்கம் காற்று குளிர்ந்து வந்தது.

“சொல்லுங்க சம்பந்தி, இப்ப எப்டி கீது?” என்றாள் பூவம்மாள்.

மாமா வாயைத் திறந்தார். சரி என்ற சத்தம் பாதி வந்தது. அதற்குள் கழுத்து பழக்க தோஷத்தில் மேலே திரும்பிவிட்டது. ஒரு வெட்டு திருவாதிரை, ஒரு வெட்டு புனர்பூசம், ஒரு வெட்டு, திருவாதிரை ஒரு தோளாக இருக்கிற வேட்டைக்காரன் கூட்டத்தின் மறு தோள்.

“ஒண்ணரை” என்றார். “அதுக்கும் மேல. இன்னும் மங்கித்தான் கீது சம்பந்திம்மா.”

அந்த மாடியிலிருந்து அவரைத் தள்ளிவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. பூமிகா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மணிகண்டன் பதறிப்போய், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது மாமா என்று கேட்டான். நல்ல பையன், முங்குகிறவருக்குக் கயிறு போட்டான். மாமா பிடித்துக்கொண்டார். எல்லோரையும் கட்டை விரலை நீட்டித் தண்ணீர்த் தொட்டிக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடுங்கள், திறந்து மறு கண்ணை மூடுங்கள், விரல் நகருகிறதா என்றார். பூவம்மாள்கூடக் கையை நீட்டிக் கண்ணை மாற்றி மாற்றி மூடினாள். பூமி சூரியனைச் சுற்றுகிறது, தை மாதம் ஒரு கண், ஆடி மாதம் மறு கண், நட்சத்திரம் எவ்வளவு நகருகிறது என்று பார்த்துத் தூரம் கணக்குப் போடுகிறார்கள் என்றார். திருவாதிரையின் வெளிச்சம் நம்மிடம் வந்து சேர ஐந்நூறு அறுநூறு வருஷம் ஆகிறது. இன்று நாம் பார்க்கிற மங்கல் ராஜா காலத்து மங்கல்.

பூவம்மாள் யோசித்தாள். அப்படியென்றால் இது பூமிகா பிறப்பதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டதா என்றாள். மாமா ஆமாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது.

அருணாச்சலம் விடவில்லை. ஐந்நூறா அறுநூறா, எது சரி என்று கேட்டார். மாமா ஒப்புக்கொண்டார், யாருக்கும் சரியாகத் தெரியாது, எழுநூறு என்கிறவனும் இருக்கிறான். அந்த நட்சத்திரம் ரொம்பப் பெரிசு, கொதிக்கிற கஞ்சி மாதிரி முகமெல்லாம் திட்டுத்திட்டாக இருக்கும், அது நகருகிற தூரத்தைவிட அதன் முகமே அகலம், அளக்கிறவன் தடுமாறுகிறான் என்றார். தூரமே தெரியாதவன் பேச்சைக் கேட்டு தோஷத்தைத் தள்ளுவதா என்றார் ஜோசியர். அதுவும் நியாயம்தான் என்றார் மாமா. இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு எந்தச் சண்டையில் ஜெயிக்க முடியும்?

அப்போது பூமிகா ஒரு கேள்வி கேட்டாள்.

“அத்தை, உங்க நட்சத்திரம் இன்னா?”

“ரேவதி” என்றாள் பூவம்மாள், இதிலென்ன இருக்கிறது என்கிற மாதிரி.

“நைனா, ரேவதி எங்க கீது? எவ்ளோ?”

மாமா மேற்கே பார்த்தார். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அவர் விளக்கம் சொல்லப் பிரியப்படாமல் நின்றதை அன்றுதான் முதலில் பார்த்தேன். சொல்லு நைனா என்றாள் மகள். அவரால் பொய் சொல்ல முடியாது என்பது அவளுக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

“அஞ்சேகால்” என்றார்.

பூவம்மாளுக்குத்தான் தலைகீழ்க் கணக்கு பாடமாகிவிட்டதே. ஒண்ணரைக்கே கல்யாணத்தை நிறுத்தியவள் அவள். அஞ்சேகாலா, எங்கே காட்டுங்கள் என்றாள். குரலில் சுருதி இறங்கியிருந்தது.

“இங்கேர்ந்து தெரியாது சம்பந்திம்மா. லைட்டே இல்லாத ஊருக்குப் போயி, கண்ணு நல்லா இருந்து, தேடிப் பாத்தா ஒருவேள தெரியும். இருபத்தேழு நட்சத்திரத்துலயே அதான் ரொம்ப மங்கல்.”

அருணாச்சலம் தன் துண்டின் நுனியை ஆராய்ந்துகொண்டிருந்தார். மூலையில் பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது.

“அவ நட்சத்திரம் கண்ணுக்கே தெரியாதா?” என்றார் கோபால். “அப்ப நான் இத்தினி வருசமா எத்தப் பாத்து பயந்துக்கினு கெடக்குறேன்?”

மணிகண்டன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் நான். ஜோசியர் இருமுவதுபோல நடித்துப் பார்த்தார், முடியவில்லை. பூவம்மாள் புருஷனைப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் ஏரியில் குதித்திருப்பார்கள். கோபால் குதிக்கவில்லை. அவருக்கே தன் குரலைக் கேட்டு ஆச்சரியம்.

பூவம்மாள் மேற்கே ஒன்றுமில்லாத இடத்தை வெகுநேரம் பார்த்தாள். மங்கினால் தோஷம் என்று இனி அவள் சொன்னால், முதல் தோஷக்காரி அவள்தான். அது அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“மாசி மொத முகூர்த்தம். மண்டபத்துக்குச் சொல்லிடுங்க” என்றாள். அருணாச்சலம் அக்கணமே, அன்று திவ்யமான நாள் என்றார். பூமிகா கைப்பையிலிருந்து மாடிச் சாவியை எடுத்து மாமாவின் கையில் வைத்தாள். அவர் குழந்தை மாதிரி அழுதார்.

கல்யாணம் நடந்த வாரம்தான் திருவாதிரை ஆக மங்கலாக இருந்ததாம். தாலி ஏறும்போது மாமா அதை என் காதில் சொன்னார், நான் அவர் காலை மிதித்தேன். அடுத்த மாதம் ஊரடங்கு வந்து லாரியும் நின்றது, கம்பெனியும் நின்றது. சித்திரையில் நட்சத்திரம் தானாகப் பழைய பிரகாசத்துக்குத் திரும்பிவிட்டது. ஏதோ தூசி மறைத்ததாம், யாரும் வெடிக்கவில்லை.

ஐப்பசியில் பூவம்மாள் எளாவூர் வந்தாள். வந்த வேலையைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, இருட்டியதும் ரேவதியைக் காட்டுங்கள் என்றாள். மாமா யாரிடமோ பைனாகுலர் கடன் வாங்கிக் காட்டினார். ஊசி முனை அளவு இருந்தது. அவள் பைனாகுலரைத் திருப்பித் தரவே இல்லை, கை வலிக்கிற வரை பார்த்தாள். பிறகு மாமாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“எனக்கு அஞ்சேகாலு. உங்க பொண்ணுக்கு?”

“இப்ப முக்கால்.”

“சோழவரத்துல யாராச்சும் கேட்டா நம்பர மட்டும் சொல்லுங்க சம்பந்தி. வெளக்கம் வாணாம்.”

பூமிகாவின் வளைகாப்புக்கு அந்த ஊரே வந்திருந்தது. பந்தியில் பூவம்மாள் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், எங்க சம்பந்தி நட்சத்திரம் அளக்குறவரு, எனக்கு அஞ்சேகாலாம், மருமவளுக்கு ஒண்ணுகூட வரலையாம் என்று. வாட்சப்பில் வெடிக்கப் போகிற மருமகள் என்று எழுதினாளே, அதே சொந்தக்காரி மாமாவின் பக்கம் திரும்பி, நெசமாவா என்று கேட்டாள். மாமா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். வளையல் நிறைந்த கையோடு உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார்.

“நெசம்தாங்க” என்றார்.

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டார். பாயசம் வந்து இலை எடுக்கும் வரை அவருக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டே இருந்தது.